90 நாள் உத்தரவாதம், 110 நாள் பயிர்: பெரிய கம்பெனி ஆட்களைப் பிடித்துத் தரும் கன்சல்டன்சியோடு இரண்டு வருடம்

கும்பகோணத்தில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறோம். மடத்துத் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆபீஸ். நெல் அறுவடை மிஷின் தேடுகிற விவசாயியையும் மிஷின் வைத்திருப்பவரையும் போனில் சேர்த்துவைப்பது, மிஷின் எந்த ஊரில் எந்த வயலில் நிற்கிறது என்று பார்த்து அடுத்த வயலுக்கு அனுப்புவது, வாடகையை வாங்கிக் கொடுப்பது, இதுதான் தொழில். சொல்லும்போது சின்னதாகத் தெரியும். தை மாதத்தில் ஒரு வாரம் எங்களோடு இருந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

கொஞ்சம் வளர்ந்ததும் எல்லோரும் சொன்ன யோசனை, பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேரைக் கொண்டுவந்துவிடு, அவர்களுக்கு சிஸ்டம் தெரியும், நீ பாதி தூங்கலாம் என்பது. அப்படித்தான் சென்னையில் இருக்கும் ஒரு கன்சல்டன்சியிடம் போனோம். பெரிய கம்பெனி அனுபவம் உள்ளவர்களை ஸ்டார்ட்அப்புகளுக்கு எடுத்துத் தருவதுதான் அவர்களுடைய தனி வேலையே. பெயரைப் போடவில்லை. அவர்களோடு சண்டை போட இதை எழுதவில்லை, இதே தொழில் செய்கிற மற்றவர்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடத்துகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் சின்னதாக ஏதாவது ஆரம்பித்திருக்கிற தம்பி தங்கைகள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்தில் அவர்கள் மூலமாக மூன்று பேருக்கு ஆஃபர் கொடுத்தோம். ஒருவர் பத்து மாதம் இருந்தார். ஒருவர் வரவே இல்லை. ஒருவர் இன்றைக்கும் இருக்கிறார், அவர் இல்லையென்றால் போன குறுவை நெல் பருவத்தில் நாங்கள் கடையை மூடியிருப்போம்.

முதலில் கட்டணம். சாதாரண பதவிக்கு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். மேல் மட்டப் பதவிக்கு 15 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாங்கள் எடுத்த முதல் ஆளுக்கு சிடிசி, அதாவது வருட மொத்தச் சம்பளம், 24 லட்சம், கட்டணம் 3,60,000, வரி 64,800, மொத்தம் 4,24,800 ரூபாய். அறுவடை மிஷின் வாடகை வேளாண் சேவை என்பதால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, எங்கள் வரவில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் வருவதால் கட்டிய வரியை இன்புட்டாகத் திரும்ப எடுக்க முடியாது, முழுவதும் கைச்செலவுதான் என்று எங்கள் ஆடிட்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆள் வேலையில் சேர்ந்த முப்பதாவது நாள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். 90 நாளுக்குள் அவர் விட்டுப் போனால் இன்னொருவரை இலவசமாகத் தேடித் தருவார்கள். பணம் திரும்ப வராது. அந்த 90 நாள் விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை பேசினோம், வெள்ளிக்கிழமைக்குள் ஆறு பயோடேட்டா வந்துவிட்டது. நேரத்துக்குப் போன் எடுப்பார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், இன்டர்வியூ நேரம் மாறினால் முன்கூட்டியே சொல்வார்கள். முதல் சந்திப்பில் எங்களிடம் பேசிய பெண் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். கூகுளை ஆரம்பித்த இரண்டு பேரும் 2001-ல் நாவெல் கம்பெனியிலிருந்து எரிக் ஷ்மிட்டைக் கொண்டுவந்தார்கள், அப்புறம்தான் கூகுள் இந்த உயரத்துக்குப் போனது என்றார். திருச்சிக்காரர், நம்ம தஞ்சாவூர் சாஸ்த்ராவில் படித்தவர் கிரிஷ் மாத்ருபூதம், அவரே 2024-ல் தான் ஆரம்பித்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனியின் சிஇஓ பொறுப்பை கூகுள், டிராப்பாக்ஸ் எல்லாம் பார்த்த டென்னிஸ் உட்சைடிடம் கொடுத்திருக்கிறார் என்று இரண்டாவது ஆளைத் தேடிய சமயத்தில் சொன்னார். இரண்டும் உண்மை. எனக்கும் கேட்க நன்றாக இருந்தது.

ஆனால் அதே வரலாற்றில் 1983-ம் இருக்கிறது. பெப்சியிலிருந்து ஜான் ஸ்கல்லியை ஆப்பிளுக்குக் கூட்டி வந்தார்கள், 1985-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தான் ஆரம்பித்த கம்பெனியை விட்டே வெளியேற வேண்டி வந்தது. ஷ்மிட் கதையிலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவர் நாவெலுக்குத் தலைவராக இருந்தவர் மட்டும் இல்லை, இளவயதில் பெல் லேப்ஸில் லெக்ஸ் என்கிற நிரலை எழுதிய இரண்டு பேரில் ஒருவர். அதாவது கை அழுக்காகிற வேலை தெரிந்தவர். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் எந்தக் கன்சல்டன்சியும் விசாரிப்பதில்லை. அவர்கள் அனுப்பும் பயோடேட்டாவில் முதல் வரியில் தடித்த எழுத்தில் கம்பெனி பெயர் இருக்கும். அந்தக் கம்பெனிக்குள் இந்த மனிதர் தன் கையால் என்ன செய்தார் என்பது நாலாவது பக்கத்தில்கூட இருக்காது.

சரி, முதல் ஆளுக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் சேர்ந்தார். பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி ஒன்றில் பதினாலு வருடம், கடைசியாக ஒரு மண்டலத்துக்கே ஆபரேஷன்ஸ் பொறுப்பு. நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேர்மையானவர், நேரம் தவறாதவர், பையன்களிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தினது கிடையாது. வந்த இரண்டாவது வாரத்தில் வருடத் திட்டம் போட்டுக் காட்டினார். முந்தைய வருடக் கணக்கை வைத்து மாதவாரி இலக்கு, ஊர்வாரி இலக்கு, யார் யாருக்கு ரிப்போர்ட் செய்வது, எல்லாம் அழகாக இருந்தது. குறுவை அறுவடைக்கு இத்தனை மிஷின் என்று செப்டம்பர் கட்டத்தில் எண் போட்டிருந்தார். நான் கேட்டேன், சார், இதெல்லாம் ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தால்தானே என்று. திறக்கவில்லையென்றால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை மே மாதத்தில் கேட்டவர் அவர் ஒருவர்தான், நாங்கள் யாரும் அவருக்கு அதற்கு முன்னால் அதைச் சொல்லவே இல்லை. அது எங்கள் தப்பு.

அந்த வருடம் ஜூன் 12-க்குத் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-க்குத்தான் திறந்தார்கள். பம்புசெட் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள், ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். அவருடைய செப்டம்பர் கட்டத்தில் இருந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போனது. அவர் திருத்திய இலக்கு ஒன்றைப் போட்டார். அதற்கு ஒரு ஒப்புதல் வேண்டும் என்று எனக்கு மெயில் அனுப்பினார். எதிர் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த 90 நாள் கணக்கைப் பாருங்கள். ஏப்ரலில் சேர்ந்தவருக்கு உத்தரவாதம் ஜூலையில் முடிந்துவிட்டது. மேட்டூர் மதகைத் தூக்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது! குறுவையில் போடுகிற ஏடிடி 43 நெல் ரகம் வயதுக்கு வரவே 110 நாள் ஆகும். சம்பாவில் சிஆர் 1009 போட்டால் ஐந்து மாதத்துக்கு மேல். ஆள் சரியா இல்லையா என்று எங்களுக்குத் தெரிவது அறுவடை நடக்கிற செப்டம்பர் அக்டோபரிலும், தை மாசியிலும்தான். நடுவில் இருக்கிற மாதங்களில் யாரை உட்காரவைத்தாலும் நன்றாகத்தான் வேலை பார்ப்பார்கள். சென்னையில் மென்பொருள் விற்கிற கம்பெனிக்கு 90 நாளில் ஆளைத் தெரிந்துகொள்ள முடியலாம், பருவத்தை நம்பிய தொழிலுக்கு அந்த ஒப்பந்தம் ஒரு காசுக்கு உதவாது. எங்களுக்கு இது கையெழுத்துப் போடும்போது தோன்றவில்லை.

தை வந்தது. பொங்கல் கழிந்து நாலைந்து நாளில் மழை பிடித்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மழை விழுந்தால் முற்றிய கதிர் சாய்ந்துவிடும், வயல் சேறாகிவிடும், டயர் வண்டி உள்ளே இறங்கினால் புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பெல்ட் வண்டி கேட்பார்கள். சாய்ந்த கதிரை மிஷின் மெதுவாகத்தான் அறுக்கும், நிற்கிற கதிரில் ஒரு மணி நேரத்தில் முடிகிற இடத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், வாடகை மணிக் கணக்கு என்பதால் விவசாயிக்கு விளைச்சலும் போய் வாடகையும் கூடும். டிரைவரைப் பார்த்து வேணும்னே மெதுவா ஓட்டுறான் என்று அவர் கோபப்படுவார். டிரைவர் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்து இருபது நாளாக வண்டியிலேயே தூங்கியவன், அவனுக்கும் கோபம் வரும். இந்த இரண்டு கோபத்துக்கும் நடுவில் நிற்பதுதான் எங்கள் தொழில்.

ஒரு ராத்திரி, வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு வயல். மணி ஒன்பதரை இருக்கும். மிஷினின் பெல்ட் ஒரு பக்கம் கழன்று சேற்றுக்குள் போய்விட்டது. விளக்கு வெளிச்சத்தில் தூறல் கோடு கோடாக விழுகிறது. அறுத்தது பாதி, அறுக்காதது பாதி. வரப்பில் விவசாயி ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். அறுபது வயது இருக்கும். அவர் மனைவி பக்கத்தில் படுதாவை விரித்து அறுத்த நெல்லை மூடிக்கொண்டிருக்கிறார், ஒரு மூலையை இழுத்தால் இன்னொரு மூலை திறந்துகொள்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், மழைக் காலத்தில் தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதும், பதில் வருகிற வரைக்கும் நெல் படுதாவுக்குள்தான் கிடக்கும். எங்கள் பையன் ஒருவன் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஆபரேஷன்ஸ் தலைவருக்குப் போன் போடுகிறான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"டிக்கெட் ரெய்ஸ் பண்ணியாச்சா?"

கம்ப்யூட்டரில் புகாரைப் பதிந்தாயா என்று கேட்கிறார். பையன் என்னைப் பார்த்தான். "சார், பெல்ட் கழண்டுடுச்சு சார். பேரளத்துல ஒரு வண்டி சும்மா நிக்குது, ஓனர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசினா அனுப்பிடுவாரு."

"ஓனர்கிட்ட வெண்டர் டீம்தான் பேசணும். நீங்க டிக்கெட்ல போடுங்க, நான் எஸ்கலேட் பண்றேன்."

வெண்டர் டீம் என்று எங்களிடம் ஒருவன் உண்டு. அந்த ஒருவன்தான் முழங்கால் சேற்றில் நின்று பேசிக்கொண்டிருந்தவன்.

சோம்பேறித்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பதினாலு வருடம் அவர் இருந்த இடத்தில் அதுதான் சரியான பதில். அங்கே ராத்திரி ஷிப்டுக்குத் தனி கன்ட்ரோல் ரூம், வெண்டருக்குத் தனி ஆள், வண்டி ரிப்பேருக்குத் தனி ஆள், நாற்பது பேர் அவருக்குக் கீழே. அங்கே அவரே நேராக ஒரு ஓனருக்குப் போன் போட்டால்தான் தப்பு. இங்கே அந்த நாற்பது பேரும் அவர் ஒருவர்தான் என்பதை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை, கன்சல்டன்சியும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பேசி வண்டி வர இரண்டு மணி ஆகிவிட்டது. அந்த அம்மா எங்களுக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவந்தார், டம்ளரைக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கம்பெனியை நடத்துகிற வரைக்கும் எனக்கு அது மறக்காது.

அதே மாதத்தில் அவர் மிஷின் ஓனர்களுக்கு ஒரு விலைப் பட்டியல் போட்டார். மணிக்கு இவ்வளவு என்று நிலையான வாடகை, சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் அபராதம். காகிதத்தில் நியாயமாகத்தான் இருந்தது. ஓனர்களோ வயலைப் பார்த்து, சாய்வைப் பார்த்து, வரப்பு வழி இருக்கிறதா என்று பார்த்து விலை பேசிப் பழகியவர்கள். ஆறு வண்டி ஒரே நாளில் எங்களை விட்டுவிட்டு மன்னார்குடி பக்கம் ஒரு புரோக்கரோடு போய்விட்டது. பிப்ரவரி கடைசியில் அவரே விலகிக்கொண்டார். போகும்போது என்னிடம் சொன்னது: "என்னை எதுக்கு எடுத்தீங்கன்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல சார்." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கையிலிருந்தும் ஒரு வருடம் போயிருக்கிறது. சென்னையில் இருந்த வேலையை விட்டு, பிள்ளைகள் பள்ளியை மாற்றி வந்தவர். நஷ்டம் எங்களுக்கு மட்டும் என்று சொன்னால் அது பொய்.

கன்சல்டன்சிக்குப் போன் செய்தேன். வருத்தம் தெரிவித்தார்கள், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள், அடுத்த ஆளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். ஏன் சரிவரவில்லை என்று மட்டும் கடைசி வரை கேட்கவே இல்லை. எனக்கு உண்மையில் வலித்தது அதுதான். அதைக் கேட்காமல் அடுத்த ஆளை எப்படிச் சரியாகத் தேட முடியும்?

இரண்டாவது ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் வரவே இல்லை. பெரிய ஐடி கம்பெனியில் இருந்த புரோகிராமர். நோட்டீஸ் பீரியட் 90 நாள். நாங்கள் காத்திருந்தோம், அந்த இடத்துக்கு வேறு யாரையும் பார்க்கவில்லை. எண்பதாவது நாள் அவருக்கு ஒரு விஷயம் உறைத்திருக்கிறது: அவர் சேர்ந்து நாலு வருடம் மூன்று மாதம்தான் ஆகிறது, ஐந்து வருடம் முடியாமல் விலகினால் கிராஜுவிட்டி கிடையாது. இன்னும் ஒன்பது மாதம் கழித்து வருகிறேன் என்றார். நடுவில் அங்கேயே சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள், தங்கிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, என் தம்பியாக இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். பயோடேட்டாவில் சேர்ந்த தேதி இருக்கிறது. அதைப் பார்த்து இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டியவர்கள் ஆள் பிடித்துத் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். கட்டணம் வாங்கவில்லை, உண்மைதான். எங்களுக்குப் போனது மூன்று மாதம்.

மூன்றாவது ஆள் விஷயத்தில் அவர்களுக்கு முழு மார்க் கொடுக்க வேண்டும், ஆனால் கதை அவர்கள் நினைத்த மாதிரி நடக்கவில்லை.

வரவுசெலவு பார்க்க ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். பெரிய தனியார் வங்கி ஒன்றில் எட்டு வருடம் இருந்த ஒரு பெண்ணின் பயோடேட்டா வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊர்ப் பக்கம் வர வேண்டிய கட்டாயம். இந்த மாதிரி ஊர் திரும்ப நினைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், தஞ்சாவூரில் 2024-ல் டைடல் நியோ ஐடி பார்க் வந்த பிறகு இன்னும் கேட்கிறார்கள். பயோடேட்டாவில் சென்னை வட்டார ஆபீஸ், பெரிய பதவிப் பெயர், பெரிய பெரிய தொகைகள். கன்சல்டன்சி அதைத்தான் கோடிட்டு அனுப்பியிருந்தது. நான் பேசும்போதுதான் அவர் முதல் மூன்று வருடத்தைப் பற்றிச் சொன்னார். புதிதாகத் திறந்த ஒரு சின்ன ஊர்க் கிளை, மேனேஜரும் இவரும் மட்டும், கேஷ், கடன், கணக்குத் திறப்பு, ஷட்டர் திறக்கிறது வரை இரண்டு பேர். கிராமம் கிராமமாகப் போய் நகைக் கடன் பேசியிருக்கிறார். பயோடேட்டாவில் அது ஒரே ஒரு வரி. நாங்கள் அவரை எடுத்தது அந்த ஒரு வரிக்காக.

அவர் கேட்ட கேள்விகளும் வேறு மாதிரி இருந்தன. முதல் ஆள் என் கீழே எத்தனை பேர், பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டார். இவர், "கையில எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு சார்?" என்றார். ஏழு மாதம் என்றேன். "அது குறுவைக்கு முன்னாடி முடியுமா பின்னாடி முடியுமா?" அந்த இடத்திலேயே எனக்கு மனசு நின்றுவிட்டது.

சிடிசி 9 லட்சம், கட்டணம் வரியோடு சேர்த்து 88 ஆயிரத்துச் சொச்சம். முன்னால் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு, அதை ஈடுகட்டக் கொஞ்சம் ஈசாப், அதாவது பிற்பாடு கம்பெனிப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, கொடுத்தோம். இந்த இடத்திலும் கன்சல்டன்சி ஈசாப் உண்டு, பிற்காலத்தில் பெரிய பணம் என்று மட்டும் அவரிடம் சொல்லி வைத்திருந்தது. குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் ஒரு பகுதியாவது கைக்கு வரும், பங்காக மாற்றிக்கொள்ளும்போது அந்த வித்தியாசத்துக்குச் சம்பளம் மாதிரியே வருமான வரி உண்டு, வாங்க ஆள் இல்லாத பங்கை வைத்துக்கொண்டு வரி கட்ட வேண்டி வரலாம் என்று நானே உட்கார்ந்து சொன்னேன். சொல்லிவிட்டால் ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். ஓடுகிறவர் அப்போதே ஓடுவது நல்லது.

இவரை உடனே சேர்க்கவில்லை. மாசிக் கடைசியில் தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்தபோது பத்து நாள் வந்து இருங்கள், அதற்குக் கூலி தருகிறோம், பிடித்தால் சேருங்கள் என்றோம். உழவன் எக்ஸ்பிரஸில் விடிகாலையில் வந்து இறங்கினார். மூன்றாவது நாள் பார்த்தால் ஆபீஸில் காணோம். பாபநாசத்தில் மிஷின் டிரைவர்கள் கூடும் டீக்கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். டிரைவர்கள் முதலில் வாயே திறக்கவில்லையாம். அப்புறம் ஒரு பையன், "அக்கா, எங்களுக்கு வாடகை லேட்டானா பரவால்ல, டீசலுக்குச் சாயங்காலம் காசு வந்துட்டா போதும்" என்று சொல்லியிருக்கிறான்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து அவர் செய்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. விவசாயி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கு வரச் சில நாள் ஆகும். சிட்டா அடங்கலில் ஏதாவது சிக்கல் இருந்தால் இன்னும் இழுக்கும். அதுவரை மிஷின் ஓனருக்கு வாடகை நிற்கும். ஓனர் கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோவார். வருடா வருடம் இதே பாடு. அவர் வாடகையை இரண்டாக உடைத்தார். டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் ஆன தொகை தினமும் மாலை ஆறு மணிக்குள் எங்களிடமிருந்து போய்விடும், மீதி, விவசாயிக்கு நெல் பணம் ஏறிய மறுநாள். எந்தக் கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை காத்துக்கிடக்கிறது என்று அவரே தினமும் போன் போட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவார், அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்வார். பெரிய வங்கியில் கற்றதை அவர் தூக்கிப் போடவில்லை. நாள் முடிவதற்குள் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் முடிக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். அது எங்களிடம் இல்லவே இல்லை. போன குறுவையில் ஒரு வண்டிகூட எங்களை விட்டுப் போகவில்லை.

ஆகவே பெரிய கம்பெனி ஆளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் ஒழுங்கு இருக்கிறது, நம்மிடம் அது குறைவு, தேவை இருக்கிறது. அங்கே பின்னால் இருந்த ஆள் பலம், பெயர், பணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதி என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அந்தக் கழித்தல் வேலையைக் கன்சல்டன்சி செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும். என்னிடம் யாராவது கேட்டால் இன்டர்வியூவில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள் என்பேன்: யாரும் இல்லாமல், எதுவும் இல்லாமல், நீங்களே ஆரம்பித்துச் செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள், அன்றைக்குக் காலையில் முதலில் என்ன செய்தீர்கள் என்பதிலிருந்து சொல்லுங்கள். செய்தவர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். செய்யாதவர்கள் டீம் டீம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சேவையை மறுபடி பயன்படுத்துவீர்களா என்றால், ஆமாம். கணக்கு, டெக்னிகல் மாதிரி வேலை எது என்று தெளிவாகத் தெரிந்த இடங்களுக்கு இவர்களிடம் போகலாம். நாமே போய்த் தேடினால் அந்த வங்கிப் பெண் எங்களுக்குக் கிடைத்திருக்கவே மாட்டார், அவர் வேலை தேடுவதாக வெளியில் எங்கும் போடவில்லை, இவர்களுக்குத்தான் தெரியும். ஆபரேஷன்ஸ் தலைவர், விற்பனைத் தலைவர் மாதிரி ஊர் தெரிந்து செய்ய வேண்டிய பதவிகளுக்குப் போகாதீர்கள். எங்கள் ஆபரேஷன்ஸ் இப்போது யார் பார்க்கிறார்கள் தெரியுமா, அன்றைக்கு முழங்கால் சேற்றில் நின்று போன் பேசிய பையன்தான். நீடாமங்கலத்துக்காரன், பாலிடெக்னிக் படித்தவன். 4,24,800 கட்டுவதற்கு முன்னால் அவனைப் பார்த்திருக்க வேண்டும், எங்கள் கண்ணுக்கு அப்போது தெரியவில்லை.

ஒப்பந்தத்தைப் பேசி மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் இந்த முறை கேட்டு வாங்கியவை: கட்டணம் இரண்டு தவணை, பாதி சேர்ந்ததும், பாதி ஒரு அறுவடை முடிந்ததும். உத்தரவாதம் 90 நாள் இல்லை, ஆறு மாதம், அதற்குள் ஒரு அறுவடைப் பருவம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆஃபருக்கு முன்னால் நோட்டீஸ், கிராஜுவிட்டி இரண்டையும் அவர்களே கேட்டு எழுத்தில் தர வேண்டும். முதலில் முடியாது என்றார்கள், இரண்டு வாரம் கழித்து ஒத்துக்கொண்டார்கள். சேரும் முன் பத்து நாள் கூலியோடு வந்து பார்ப்பதற்கு மட்டும் அவர்களுக்கு இன்னும் மனசில்லை, வேலையில் இருப்பவர் பத்து நாள் லீவு போட மாட்டார் என்கிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே முடியாது, அப்படிப்பட்டவர்கள் ஒரு சனி ஞாயிறாவது வயலுக்கு வரட்டும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் வேகத்துக்கும் நடத்தைக்கும் நாலு, ஆளைப் புரிந்துகொண்டு தருவதற்கு ஒன்றரை. மொத்தமாக இரண்டரை போடுகிறேன்.

இப்போது கால் சென்டர் பக்கத்துக்கு ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள், பெரிய டெலிகாம் கம்பெனியில் ஒன்பது வருடம், சொந்த ஊர் குடவாசல். வரும் குறுவை அறுவடைக்குப் பத்து நாள் லீவு போட்டு வருகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். வந்து போன பிறகு இந்த ரிவ்யூவில் அந்த எண்ணை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுகிறேன்.